அடித்துத் திருத்திய ஒரு சொல்: கிண்டியிலிருந்து ஆர்.கே.புரம் வரை

சற்றே நீண்ட பதிவு. என் ஆய்வேட்டின் பகுதி அன்று. ஆய்வின் ஓரத்தில் சில மாதங்களாகச் சேர்ந்த குறிப்புகள். ஒரு வீட்டுப் பேச்சு இவற்றை எழுதத் தூண்டியது.

நான் குடியிருப்பது தில்லி ஆர்.கே.புரத்தில், மலை மந்திருக்கு நடந்து செல்லும் தொலைவில். மேல்தளத்தில் மூன்று தலைமுறையாகத் தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். பேத்தி இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் அவள் முதலில் எழுதியது மின்பொறியியல். தாத்தா அதை ஏற்கவில்லை. அவர் 1960களில் கும்பகோணத்தில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு இங்கு வந்து, நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "எலக்ட்ரிகல்னா சைட்டுக்குப் போகணும். ராத்திரி ஷிஃப்ட் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ்னு எழுதிடும்மா. நிழல்ல உக்காந்து செய்யற வேலை. பொண்கொழந்தைக்கு அதான் சரி" என்றார். பேத்தி என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்களேன்."

மொழியியல் படித்தவளுக்கு மின்பொறியியலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "மாமா, நம்ம நாட்டுல இன்ஜினியரிங் பட்டம் வாங்கின முதல் பெண்கள்ல ஒருத்தங்க எலக்ட்ரிகல்தான் படிச்சாங்க. மெட்ராஸ்ல, கிண்டியில. 1940ல சேர்ந்தாங்க."

"அந்தக் காலத்துலயா? புருஷன் விட்டானா?"

"புருஷன் இல்ல மாமா. அவங்களுக்குப் பதினெட்டு வயசு இருக்கும்போதே போயிட்டார். கையில கொழந்தை."

சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப அது வேற" என்றார்.

அந்த மூன்று சொற்களைத்தான் இப்பதிவில் விளங்கிக்கொள்ள முயல்கிறேன். இந்தியாவில் பெண்கள் தொழில்நுட்பக் கல்விக்குள் நுழைந்த வரலாற்றில் பலரும் தொடாமல் கடந்துசெல்லும் ஓரிடத்தை அவர் தம்மையறியாமல் தொட்டுவிட்டார் என்று தோன்றுகிறது.

அவர் பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. 1919 ஆகஸ்டு 27 அன்று சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில், ஏழு குழந்தைகளுள் ஐந்தாமவராகப் பிறந்தார். பதினைந்து வயதில் திருமணம். 1937இல் மகள் பிறந்தாள். குழந்தைக்கு நான்கு மாதம் ஆகியிருந்தபோது கணவர் இறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை வீட்டின் பின்கட்டில் அமரவைக்க அவருக்கு மனமில்லை. லலிதா இராணி மேரிக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார்.

சென்னையில் கைம்பெண் கல்விக்கு அப்போது ஒரு மரபு உருவாகியிருந்தது. தாமே இளம் கைம்பெண்ணாகிய சகோதரி சுப்புலட்சுமி 1912இல் தொடங்கிய இல்லம் பின்னர்க் கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. அங்கிருந்து எத்தனையோ இளம்பெண்கள் ஆசிரியர்களாக வெளிவந்தனர். அம்மரபின் உள்ளே ஒரு கசப்பான தருக்கம் இருந்தது. மணமாக வேண்டிய பெண்ணைப் படிக்க வைத்தால் மாப்பிள்ளை கிடைக்கமாட்டான். மணமான பெண்ணை வேலைக்கு அனுப்பினால் குடும்ப மானம் போய்விடும். கைம்பெண்ணுக்கு இவ்விரண்டு கவலையும் இல்லை. சமூகம் தன் கணக்கிலிருந்து கழித்துவிட்ட பெண்ணுக்குத்தான் தொழில் என்ற ஒன்று முதலில் கிடைத்தது. மாமாவின் "அது வேற" இந்தக் கணக்கைத்தான் குறிக்கிறது. முன்னோடிகளின் படத்தை மாட்டி, "அவரால் முடிந்தது, உன்னாலும் முடியும்" என்று பள்ளி மாணவியரிடம் பேசுகிறோமே, அந்தப் பேச்சு ஏன் பல வீடுகளில் எடுபடுவதில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. முன்னோடிக்கு அனுமதி கிடைத்த காரணம் பின்வருபவளுக்குப் பொருந்துவதில்லை.

இனி ஆண்டுக்கணக்கு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லிப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி ரெட்டி அங்கே 1912இல் பட்டம் பெற்றார். கிண்டிப் பொறியியல் கல்லூரி மருத்துவக் கல்லூரியைவிட இளையது அன்று. அதன் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. அங்கே முதல் பெண் நுழைந்தது 1940இல். ஒரே நகரம், ஒரே மாகாண அரசு. எனினும் இரண்டு கதவுகள் திறந்ததற்கு இடையே 65 ஆண்டுகள்.

பெண்களுக்கு உடற்கூற்றியலில் ஆர்வமும் எந்திரங்களில் ஆர்வமின்மையும் இருந்தன என்று இதை விளக்க முடியாது. மருத்துவத்தில் பெண்களுக்கான தேவையை அன்றைய சமூக ஒழுங்கே உண்டாக்கியது: ஆண் மருத்துவர் தொடக்கூடாத நோயாளிகள் இருந்தனர். ஆகவே பெண் மருத்துவர் அவ்வொழுங்கைக் கலைக்கவில்லை, காத்தார். பொறியியல் கல்லூரியோ பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரிக்கும் இடமாக வளர்ந்தது. பட்டம் என்பது ஒரு பதவிக்கான முன்சீட்டு. பதவி என்பது குதிரை, கூடாரம், கால்வாய்க்கரை, கூலியாட்களின் வருகைப்பதிவு. பெண் தொட்டால்தான் ஆகும் என்று சொல்லத்தக்க பாலம் எதுவும் இல்லை. கிண்டியில் எந்திரப் பொறியியல் 1894இலும் மின்பொறியியல் 1930இலும் பாடங்களாயின. பொறியாளர் என்றால் குதிரை மேல் இருப்பவர் என்ற படிமம் தளரத் தொடங்கியது இந்தப் பிற்பகுதியில்தான்.

லலிதா ஏன் மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையை எழுதியோர் தரும் காரணம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மருத்துவருக்கு நேரம் காலம் கிடையாது. நள்ளிரவில் அழைப்பு வரும். கைக்குழந்தையை விட்டுப் போக வேண்டும். பொறியாளருக்கு வேலைநேரம் என்று ஒன்று உண்டு. ஆகவே பொறியியல். 1940இல் ஓர் இளம் தாய்க்கு மின்பொறியியல்தான் "நிழல் வேலை" ஆகத் தெரிந்திருக்கிறது! எந்தத் தொழில் பெண்ணுக்கு ஏற்றது என்பது தொழிலின் இயல்பில் இல்லை; யார், எப்போது, எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது.

சேர்க்கை எளிதாக நடந்துவிடவில்லை. ஆனால் நாடகமாகவும் நடக்கவில்லை. தந்தை கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம்.ஸ்டாதமிடம் இசைவு பெறப்பட்டது. இருவரும் ஒப்பினர். போராட்டம் இல்லை, வழக்கு இல்லை. ஆணையிடும் இடத்தில் இருந்த இரண்டு பேர் 'ஆகட்டும்' என்றனர். இதைப் படிக்கும்போது எனக்கு ஏற்படுவது மகிழ்ச்சியைவிட எரிச்சலே. இவ்வளவுதான் வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தைய தலைமுறைகளில் பேராசிரியரைத் தந்தையாகப் பெறாத பெண்கள் எத்தனை பேர்?

விடுதிதான் அடுத்த சிக்கல். நூற்றுக்கணக்கான ஆண்கள் பயிலும் வளாகத்தில் ஒரு பெண்ணுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். மகள் உறவினர் வீட்டில் வளர்ந்தாள். வார இறுதிகளில் லலிதா சென்று பார்த்துவந்தார். வகுப்பில் தொல்லை இருந்ததாகச் செய்தி இல்லை. தனிமைதான் தாளமுடியாததாக இருந்தது. சுப்பாராவ் அப்போது செய்தது அவர் செய்தவற்றுள் தலையாயது என்பேன்: பெண்களுக்கும் சேர்க்கை உண்டு என்று கல்லூரி விளம்பரம் செய்ய வைத்தார். அதன் பயனாகக் கேரளத்துப் பெண்கள் இருவர், பி.கே.திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும், கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். ஒருத்தி இருக்கும்வரை அது விதிவிலக்கு. மூவரானதும் அது விடுதியாயிற்று. இரண்டாம் உலகப் போரின் காரணமாகப் படிப்புக்காலம் குறுக்கப்பட்டதால், ஓராண்டு இளையவர்களான அவ்விருவரும் லலிதாவோடு ஏறத்தாழ ஒரே வேளையில் படிப்பை முடித்தனர்.

மொழியியல் மாணவியாகிய எனக்கு இக்கதை முதன்முதலில் கிடைத்தது பட்டச் சான்றிதழின் வழியாகத்தான். முன்பே அச்சிட்டு வைத்த படிவம். அதில் பட்டம் பெறுபவரைக் குறிக்க 'ஹீ' என்ற ஆண்பாற் சுட்டுப்பெயர். மூவருக்கும் அதை அடித்து 'ஷீ' என்று எழுதிக் கொடுத்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. மையால் ஒரு கோடு. பக்கத்தில் ஓர் எழுத்துக் கூடுதல். அந்தப் படிவத்தை அச்சிட்டவருக்குப் பெண்கள் மீது பகை ஒன்றும் இருந்திராது. அவர் அவர்களை நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். விலக்குவதற்கு வெறுப்பு தேவையில்லை, படிவம் போதும்.

சான்றிதழ் தமிழில் இருந்திருந்தால் திருத்தத்துக்கே இடம் இருந்திராது என்று நம்மவர் பெருமைப்படலாம். பலர்பால் விகுதியாகிய 'அர்' மரியாதைப் பன்மையாகி, 'பொறியாளர்', 'அவர்', 'தேறினார்' என ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கிறது. 'மூதாட்டி', 'சீமாட்டி' என்பவற்றில் உள்ள 'ஆட்டி' ஈற்றைச் சேர்த்துப் 'பொறியாட்டி' என்று யாரும் ஆக்கவில்லை; நல்லவேளை. ஆனால் மொழி திறந்திருப்பதால் கதவு திறந்துவிடுவதில்லை. இன்றும் நம் செய்தித்தாள்கள் 'பெண் பொறியாளர்' என்று எழுதுகின்றன. 'ஆண் பொறியாளர்' என்று எழுதுவதில்லை. மறுபுறம், 'ஆண் செவிலியர்' என்கின்றன. இலக்கணத்தில் பால் காட்டாத சொல்லுக்கும் வழக்கில் ஒரு பால் ஒட்டிக்கொள்கிறது. அடைமொழி யாருக்கு வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். ('பொறி' என்ற சொல் எந்திரத்தையும் எலியைப் பிடிப்பதையும் ஒருங்கே குறிப்பது தனிக் கட்டுரைக்குரியது.)

பட்டத்துக்குப் பின் லலிதா ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். பிறகு சிம்லாவில் நடுவண் தர அமைப்பில் பொறியியல் உதவியாளர். 1946இன் இறுதியில் அதை விட்டுச் சென்னை திரும்பித் தந்தையின் ஆய்வுகளில் சில மாதங்கள் துணைநின்றார். 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். உயர் அழுத்த மின்வழித்தடங்கள், துணைமின் நிலைய அமைப்பு, மின்பாதுகாப்புக் கருவிகள் ஆகியவற்றின் வடிவமைப்பு அவருடைய துறை. பக்ரா நங்கல் திட்டத்தின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவர் பங்கு இருந்தது. நான் இப்போது அமர்ந்திருக்கும் தில்லிக்கும் பக்ராவிலிருந்து மின்சாரம் வருவதுண்டு; இதைப் பேத்தியிடம் சொன்னபோது அவள் விசிறியை நிமிர்ந்து பார்த்தாள். 1953இல் இலண்டன் மின்பொறியாளர் கழகத்தின் இணை உறுப்பினர். 1966இல் முழு உறுப்பினர். 1964 ஜூனில் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாட்டுக்குச் சென்றார். இந்தியாவில் அத்தகைய பெண்கள் அமைப்பு ஏதும் அப்போது இல்லாமையால், அவர் சென்றது தனிநபராகவே. 1979இல், 60 வயதில் மறைந்தார்.

ஏன் கல்கத்தா? அங்கே சகோதரர் ஒருவரின் குடும்பம் இருந்தது. தனியாக வீடெடுத்துத் தங்குவது இளம் கைம்பெண்ணுக்கு அன்று இயலாதது. சகோதரரின் மனைவி தம் பிள்ளையோடு லலிதாவின் மகளையும் சேர்த்து வளர்த்தார். முன்னோடிகளைப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பெண்மணி பெரும்பாலும் ஒரு வரியில் வந்துபோவார். என் கணிப்பில், பக்ராவுக்கான வரைபடங்கள் உருவான மேசைக்கு ஒரு கால் அவருடைய சமையலறையில் ஊன்றியிருந்தது.

மாமாவின் வாதத்துக்குச் சாதகமான செய்தியையும் மறைக்கக்கூடாது. லலிதாவின் பணி முதன்மையாக அலுவலகத்தில் நடந்த வடிவமைப்புப் பணி. அணைக்கட்டிலும் கோபுரத்திலும் ஏறி இறங்கியதாக அவர் வாழ்க்கை இல்லை. ஆனால் அவரோடு பட்டம் பெற்ற திரேசியா வேறு வழியில் சென்றார். பொதுப்பணித் துறையில், அதாவது சாலையும் பாலமும் கட்டும் அதே 'குதிரையும் கூடாரமும்' உலகில், படிப்படியாக உயர்ந்து 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண் அவரே. ஆகவே 'சைட்டு' பெண்ணுக்கு ஆகாது என்பது 1971இலேயே பொய்த்துவிட்டது.

எனில், ஏன் அது இன்னும் வீடுகளில் உண்மையாக இருக்கிறது? மாமாவின் அச்சத்தை வெறும் பழமை என்று தள்ளிவிட முடியாது. அது சட்டத்தில் எழுதியிருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை தவிர்த்த நேரத்தில் பெண்களைத் தொழிற்சாலையில் பணியமர்த்தக் கூடாது என்றது. சுரங்கத்தின் உள்ளே பெண்கள் பணியாற்றுவதை 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தடுத்தது. அது தளர்ந்தது 2019இல். இவற்றின் நோக்கம் பாதுகாப்பு, அதில் ஐயமில்லை. விளைவு வேறு. மூன்று சுற்றுகளாக இயங்கும் ஆலையில் இரவுச் சுற்றுக்கு வர இயலாத பொறியாளரை எந்த மேலாளர் விரும்பி எடுப்பார்? "பெண்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை" என்ற விளம்பரமும், அதைக் கண்டு 1974இல் சுதா மூர்த்தி ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு எழுதிய அஞ்சலட்டையும் அனைவரும் அறிந்தவை, விரிக்கவில்லை. அந்த இரவுத் தடை அரசமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2000 டிசம்பரில்தான். ஓர் அரை நூற்றாண்டாகச் சட்டம் சொன்னதை இன்று தாத்தாக்கள் சொல்கிறார்கள். சட்டம் மாறிய செய்தி எல்லா மாடிக்கும் ஏறிவரவில்லை.

இப்போது ஆர்.கே.புரத்துக்கு வருவோம். இங்கே 'நிழல் வேலை' என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் தட்டச்சுப்பொறி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் தட்டச்சு பெண்கள் வேலையாகிவிட்டது. மெல்லிய விரல்கள், பொறுமை, இன்ன பிற காரணங்கள் கூறப்பட்டன. அதே எந்திரம் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்தபோது ஆண்களின் கையில் வந்தது. லோயர், ஹையர் சான்றிதழ்களோடு தொடர்வண்டி ஏறிய இளைஞர்களால்தான் இந்தக் குடியிருப்புகளில் தமிழ் ஒலித்தது. மாமாவும் அவர்களில் ஒருவர். அவர் விரல்களின் மென்மை பற்றி எவரும் பேசியதில்லை. பின்னர்த் தமிழகச் சிற்றூர்களில் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களுக்குப் பெண்கள் திரளாகச் செல்லத் தொடங்கினர். என் அம்மாவின் தலைமுறையில் பல பெண்கள் சொந்தமாகக் கையாண்ட முதல் எந்திரம், தையல் எந்திரத்துக்கு அடுத்தபடியாக, அதுவே. ஓர் எந்திரம் ஆணுடையதா பெண்ணுடையதா என்பதை அதன் விசைகளில் தேடிப் பயனில்லை.

அடுத்தது கணினி. ஆர்.கே.புரத்தின் ஈஸ்ட் பிளாக் 10இல் இயங்கிய நடுவண் அரசின் கணினி மையம் 1967இல் நிறுவப்பட்டது. புள்ளியியல் துறையின் பெரும் ஆய்வுகள் அங்கே செயலாக்கப்பட்டன. இத்தகைய மையங்களில் கணினிக்கு முன்னால் ஒரு கூடம் இருக்கும். நிரப்பிய படிவங்களைப் பார்த்து, 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிடுவோர் அங்கே அமர்ந்திருப்பர். ஒருவர் துளையிட, இன்னொருவர் அதே எண்களை மறுபடி அழுத்திச் சரிபார்ப்பார். 'கீ பஞ்ச் ஆபரேட்டர்' என்பது பதவிப் பெயர். அட்டையில் ஒரு துளை இடம் மாறினால் ஒரு மாவட்டத்தின் விளைச்சலே மாறிவிடும். எனினும் அது 'இயக்குநர்' வேலை. நிரல் எழுதுபவர் வேறு அறையில், வேறு ஊதிய நிலையில்.

இந்தப் பிரிவினை இந்தியாவில் தோன்றியதன்று. 1940களில் அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர்' என்பது எந்திரத்தின் பெயராக மட்டும் இல்லை. கையால் கணக்கிடும் ஆளின் பதவிப் பெயர் அது, அவர்களில் மிகப் பலர் பெண்கள். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியை இயக்க நிரல் அமைத்த ஆறு பெண்களும் அப்பதவியிலிருந்து வந்தவர்களே. எந்திரத்தின் மின்சுற்றுகளை அமைப்பது பெரிய வேலை, அதற்குக் கணக்கை ஊட்டுவது எழுத்தர் வேலை என்ற எண்ணத்தில்தான் அது அவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் நிரலாக்கம் மதிப்பும் ஊதியமும் பெற்றபோது அது ஆண்களின் துறையாயிற்று. அந்த அறுவருக்குரிய பெருமை ஐம்பதாண்டுகள் தாமதித்தே வந்தது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிலும் 'கம்ப்யூட்டர்' என்ற ஆட்பதவி, ஆங்கில எழுத்தில் சிறு வேறுபாட்டோடு, எந்திரம் வந்த பின்னும் நெடுங்காலம் நீடித்தது. சொற்கள் பொருள்களைவிட மெதுவாக ஓய்வு பெறுகின்றன.

1989இல், சேஷகிரி குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, நடுவண் நிதி அமைச்சகம் மின்னணுத் தரவுப் பதவிகளைச் சீரமைத்தது. துளையிடுவோர் 'டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்' ஆயினர். பெயர் மாறியது; ஏணி இரண்டாகவே நின்றது. ஒன்றில் தரவு உள்ளிடுவோர் ஏ, பி, சி என்று நிலைநிலையாக உயரலாம், மற்றொன்றில் நிரலர்கள். இரண்டும் கணினி வேலைதான். பணியாளர் தேர்வாணையம் இன்றும் முதல் வகையினரிடம் கேட்பது மணிக்கு 8,000 விசை அழுத்தங்கள். இரண்டாம் வகையினரிடம் விரலின் வேகத்தை யாரும் அளப்பதில்லை.

ஆகவே, "பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் சரி" என்று கேட்கும்போது எனக்கு எழும் கேள்வி, எந்தக் கம்ப்யூட்டர் என்பதே. நாட்டின் அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள் என்று அரசு சொல்கிறது. எண் பெரிதுதான். ஆனால் அவர்கள் எந்த ஏணியில் ஏறுகிறார்கள் என்பதை அந்த எண் காட்டுவதில்லை.

ஊக்குவித்தல் என்ற சொல்லின் மீது எனக்கு வரவரச் சலிப்பு ஏற்படுகிறது. குறை பெண்ணின் மனத்தில் இருப்பதாக அது கொள்கிறது. அவளை உந்தினால் போதும் என்கிறது. மேற்கண்டவற்றில் எந்தப் பெண்ணுக்கும் உந்துதல் குறைவாக இருக்கவில்லை. மாறியவை எல்லாம் வெளியே இருந்தவை: ஒரு முதல்வரின் இசைவு, ஒரு விளம்பரம், ஒரு விடுதி, ஒரு சட்டப்பிரிவு. 2018இல் ஐ.ஐ.டி.களில் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. அவ்வாண்டு 14 விழுக்காடு, 2020இல் 20 விழுக்காடு என்பது இலக்கு. அதுவரை பெண்களுக்கு ஆர்வமில்லை என்று பேசியவர்கள் பிறகு பேசவில்லை. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆயிரம் ரூபாயில் மனம் மாறாது. பேருந்துக் கட்டணமும் மாதவிடாய்த் துணியும் ஒரு கைபேசி இணைப்பும் வரும். அவைதாம் இடையில் நின்றவை.

இரண்டு நாள் கழித்து மாமா படியிறங்கி வந்தார். கதவருகே நின்றபடியே கேட்டார்: "ஏம்மா, அந்த லலிதாம்மா வேலைக்குப் போனப்ப கொழந்தைய யாரு பாத்துண்டா?"

"அவங்க சகோதரரோட சம்சாரம், மாமா."

தலையை ஆட்டினார். "அதானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்டது ஓர் ஆய்வாளர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பட்டியல் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது. மின்பொறியியல் முதலிடத்தில் இருக்கிறது, தில்லியிலுள்ள கல்லூரிகள் மட்டும் என்ற உடன்பாட்டோடு. கணினி இரண்டாவது. பேத்திக்கு முழு நிறைவு இல்லை, தாத்தாவுக்கும் இல்லை.

ஒரு வேண்டுகோள். ஈஸ்ட் பிளாக்கிலோ வேறு அரசு அலுவலகங்களிலோ 1970களிலும் 80களிலும் அட்டை துளையிடும் கூடங்களில் பணியாற்றிய பெண்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அம்மா, பெரியம்மா, அத்தை, அடுத்த வீட்டு மாமி யாரேனும் இருந்தால் சொல்லுங்கள். எந்தெந்த விசை எங்கே இருந்தது, நாளுக்கு எத்தனை அட்டை, மகப்பேற்றுக்குப் பிறகு யார் திரும்பி வந்தார்கள் என்பவற்றை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தில்லிக்குள் என்றால் நானே வீட்டுக்கு வருகிறேன்.